இடுப்பில் ஏறாத பெல்ட்

பரவை மார்க்கெட் காவலாளி, சீருடை பெல்ட்டை இடுப்பில் கட்டமாட்டார். தோளில் மாலைபோல் போட்டிருப்பார். அகன்ற மார்பு, நரைத்த புருவம், ஒரு தழும்புகூட இல்லாத கைகள். காய் வாங்கப் போன நான் ஒருநாள் காரணம் கேட்டேன்.

“முன்னாடி கடல்ல முங்கிச் சங்கு எடுத்தேன். ஒருநா ஈட்டியால குத்துன மீனைக் கயித்துல கோத்து இடுப்புல கட்டியிருந்தேன். ரத்த வாடைக்குச் சுறா வந்துச்சு. கத்தியால குத்திக் கொன்னுட்டேன்.”

“உயிருக்குப் பயந்துதானண்ணே? அதுல என்ன தப்பு?”

“எல்லாரும் இதத்தான் சொல்றாக. அது மீனுக்குத்தான் வந்துச்சு. கத்தி அம்புட்டு நேரமும் என் கையில இருந்துச்சு தம்பி. கயித்த அறுத்து விட்டிருக்கலாம்.”

பெல்ட்டை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார்.

நானும் அந்தக் கயிற்றை அறுத்திருக்க மாட்டேன். அதை அவரிடம் சொல்லாமலே வந்துவிட்டேன்.