அத்தான் செய்த கைப்பிடி

அக்கா போய் இரண்டு வருஷமாகிறது. அத்தான் இருக்கிறார். மூன்று வேளை சாப்பிடுகிறார், காலையில் நடக்கப் போகிறார், யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்கிறார். பார்க்கிறவர்கள், பரவாயில்லையே, மனுஷன் தேறிவிட்டாரே என்கிறார்கள். அவர் வீட்டுப் பக்கம் போகாமலிருக்க நான் கண்டுபிடித்து வைத்திருக்கும் சாக்குகளை எழுதினால் அதுவே தனிப் புத்தகமாகும்.

அத்தான் வேலை பார்த்தது எடை அளவு ஆபீஸில். கடை கடையாக ஏறி இறங்கி, தராசு சரியாக நிற்கிறதா, படிக்கல் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து முத்திரை குத்துகிற வேலை. முப்பத்தொரு வருஷம் அதைச் செய்தவருக்கு உலகத்தில் எதுவுமே சரியாகப் படாது. எங்கள் வீட்டுக்கு வந்தால் உட்காருவதற்கு முன்னால் சுவரில் மாட்டியிருக்கும் படத்தை நகர்த்துவார். "அது நேராத்தான் இருக்கு அத்தான்" என்பேன். "இடது பக்கம் ரெண்டு நூல் இறங்கியிருக்கு மாப்ள" என்பார். அளந்து பார்த்தால் இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், இறங்கித்தான் இருக்கும். அதுதான் எனக்கு எரிச்சல்.

அவர் வீட்டில் இரண்டு படுக்கையறை. ஒன்றில் அவர்கள் படுத்தார்கள், இன்னொன்று பட்டறை. பிள்ளை குட்டி இல்லாததால் காலியாகக் கிடந்த அறை அது. முதலில் ஒரு மேசை வந்தது. பிறகு மேசை விளிம்பில், சாமானைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் வந்தது. அப்புறம் வருஷத்துக்கு நாலைந்தாக மற்றதெல்லாம் வந்து சேர்ந்தன. ஒரு சுவர் முழுக்கப் பலகை அடித்து, ஒவ்வொரு கருவியையும் அதில் வைத்துச் சுற்றிலும் பெயிண்டால் கோடு போட்டிருந்தார். ரம்பத்துக்கு ரம்ப உருவம், இடுக்கிக்கு இடுக்கி உருவம். எதையாவது எடுத்தால் அந்த இடத்தில் வெறும் கோடு நிற்கும். எது வெளியே போயிருக்கிறது என்று வாசலிலிருந்தே தெரியும். புதுச் செருப்பு வாங்கினால் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்ச ஒரு குட்டிப் பொட்டலம் போட்டிருப்பார்களே, அதை எறிய வேண்டாமென்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொல்லி வைத்து வாங்கி, துருப்பிடிக்கக் கூடிய சாமான் இருக்கிற டப்பாக்களில் போடுவார். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர் பெயரே பட்டறை மாமா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தனையையும் இறக்கித் துடைத்து, மெஷின் ஆயில் தொட்டு, உளிகளைச் சாணைக்கல்லில் தீட்டித் திரும்ப மாட்டுவார். அக்கா அந்த அறை வாசலில் நாற்காலி போட்டுக் காய் நறுக்குவாள். "வாரம் ஒருக்கா என்னையும் இப்படித் தொடைச்சு எண்ணெய் போட்டு வெச்சிருந்தா நானும் தேயாம இருந்திருப்பேன்" என்பாள். அத்தான் காதில் விழாதது போல் மீசைக்குள் சிரித்துக்கொள்வார்.

கருவியை யாருக்கும் இரவல் தர மாட்டார். எனக்கு மட்டும் தருவார், பெண்டாட்டியின் தம்பி என்பதால். ஒரு முறை அவருடைய அலுமினிய ஏணியை வெள்ளையடிப்பதற்கு வாங்கிப் போய், வழக்கம் போலத் திருப்பித் தரவில்லை. இரண்டு மாதம் கழித்து, என் மாமனார் மாமியாரெல்லாம் வந்து உட்கார்ந்திருக்கும்போது அத்தான் உள்ளே நுழைந்தார். "மாப்ள, அந்த ஏணி வேலை முடிஞ்சுதா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். மாமனார் வீட்டார் முன்னால் என்னை ஏணித் திருடனாக்கிவிட்டார் என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கே ஏணியைத் தூக்கிப் போய் அவர் வாசலில் சாத்திவிட்டு, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்பினேன்.

எட்டு மாதம் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அக்கா ஃபோன் செய்தால் எடுப்பதில்லை. கடைசியில் அவளே வந்து என் வாசலில் நின்று அழுது, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அத்தான் பெரிய குற்றம் செய்தவரைப் போல எழுந்து நின்றார். "இனிமே உங்கிட்ட எதையும் திருப்பிக் கேக்க மாட்டேன் மாப்ள" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தவனுக்கு அப்படி ஒரு பெருமை.

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயதில் முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்தது. அவர்கள் வீட்டுக் குளியலறைக்கு ஒரு படி கீழே இறங்க வேண்டும். தரை வழவழவென்று இருக்கும். ஒரு நாள் இறங்கும்போது கால் வழுக்கி, குழாயைப் பிடித்துத் தப்பித்தாள். சாயங்காலம் நான் போயிருந்தபோது, "படிக்குப் பக்கத்துல ஒரு கைப்பிடி இருந்தா தேவலை" என்றாள்.

"கடையில ரெடிமேடா விக்கிறான். பிளம்பரைக் கூப்பிட்டா அரை மணி நேர வேலை" என்றேன்.

அத்தான் கடைக்குப் போனார். சுவரில் மாதிரிக்கு மாட்டியிருந்த கைப்பிடியைப் பிடித்து, காலை மடக்கிக்கொண்டு தொங்கிப் பார்த்தாராம். அது ஒரு பக்கம் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. கடைக்காரர் சண்டைக்கு வந்துவிட்டார். "ஆள் விழும்போது பிடிச்சா சும்மா தொங்குறதைவிட எவ்வளவோ பாரம் விழும் மாப்ள. இதை நம்பியா அவளை உள்ளே அனுப்புறது?" என்றார் அத்தான் என்னிடம். தானே செய்வது என்று முடிவாயிற்று.

நாலு வாரம் செய்தார். முதலில் அக்காவை நிற்க வைத்து, குனிய வைத்து, படியில் ஒரு கால் வைக்கச் சொல்லி, முழங்கை எந்த உயரத்தில் வருகிறது என்று அளந்தார். வேறு வேறு பருமனில் ஆறு மரத்துண்டுகளை இழைத்து எடுத்து வந்து, ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். வெறும் கையால் ஒரு தடவை, ஈரக் கையால் ஒரு தடவை, சோப்புக் கையால் ஒரு தடவை. "கல்யாணமான புதுசுலகூட இந்த மனுஷன் என் கையை இத்தனை தடவை பிடிச்சதில்லடா" என்று அக்கா என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பிறகு துருப்பிடிக்காத குழாய் வந்தது. அதை அறுத்தார், வளைத்தார், அரத்தால் ராவினார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். அதுவரைக்கும் தினமும் காலையில் அவரே படியருகில் நின்று அக்காவைக் கையைப் பிடித்து இறக்கிவிடுவார்.

நான் சும்மா இருப்பேனா? "அத்தான், இது கைப்பிடியா கப்பலா? எப்போ தண்ணியில இறக்கப் போறீங்க?" என்று போகும்போதெல்லாம் வம்புக்கு இழுத்தேன். அவர் சிரித்துவிட்டு மறுபடி தேய்ப்பார்.

அந்தச் சமயத்தில்தான் என் வீட்டில் ஜன்னல் திரைக்குக் கம்பி மாட்ட வேண்டியிருந்தது. சுவரில் துளைபோட அவருடைய டிரில்லிங் மெஷினைக் கேட்டேன். "உங்களுக்கு இப்ப வேணுமா அத்தான்?" என்றும் கேட்டேன், மரியாதைக்கு. மேசை மேலிருந்த குழாயைப் பார்த்தார். "எடுத்துட்டுப் போ" என்றார். "ரெண்டே நாள்" என்றேன். கம்பியை அன்றைக்கே மாட்டிவிட்டேன். மெஷினைப் பெட்டியோடு கதவுக்குப் பின்னால் வைத்தேன். கைப்பிடி முடிய எப்படியும் இன்னும் இரண்டு மாதம் இழுப்பார், அவருக்கு என்ன அவசரம் என்று நினைத்தேன். அப்புறம் அதை நினைக்கவே இல்லை.

ஏழாவது நாள் அக்கா ஃபோன் செய்தாள். "கர்ட்டன் கம்பியெல்லாம் மாட்டியாச்சாடா?"

"அன்னிக்கே ஆச்சுக்கா. ஜோரா இருக்கு, வந்து பாரு."

"அப்படியா. சரி, ஒண்ணுமில்ல. சும்மாதான் கேட்டேன்."

சும்மா கேட்கவில்லை. மெஷினைத்தான் கேட்டிருக்கிறாள். அதற்கு மேல் எப்படிக் கேட்பாள் என்னைப் போன்ற ஒரு ரோஷக்காரத் தம்பியிடம்? எனக்கு அன்றைக்கு அது உறைக்கவில்லை.

ஒன்பதாவது நாள் முற்பகலில் அக்கா குளியலறைப் படியில் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது அத்தான் வராந்தாவில் சட்டை நனைந்து நின்றார். அவளுக்கு மாற்றுத் துணி எடுத்து வரச் சொல்லிச் சாவியைக் கொடுத்தார்.

வீட்டைத் திறந்ததும் காலில் ஏதோ இடித்தது. ஒரு அட்டைப் பெட்டி. புது டிரில்லிங் மெஷின், என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் இருந்த அதே வகை. பிரிக்கவே இல்லை, கையிலிருந்து நழுவிய இடத்தில் பக்கவாட்டில் கிடந்தது. பட்டறைக்குப் போனேன். மேசை மேல் விரித்த துணியில் கைப்பிடி இருந்தது, முடிந்துபோய், கண்ணாடியாகப் பளபளத்துக்கொண்டு. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் நாலு ஸ்க்ரூ, நாலு பிளாஸ்டிக் பிளக். பலகையில் மெஷின் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. குளியலறைச் சுவரில் துளை போட வேண்டிய நாலு இடத்தில் பென்சிலால் குறி போட்டிருந்தார். தரை இன்னும் ஈரமாக இருந்தது. நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் என்ன செய்தேன் தெரியுமா? என் வீட்டிலிருந்த மெஷினை ஒரு பையில் போட்டு எடுத்துப் போய், அத்தான் ஆஸ்பத்திரியில் இருக்கும் நேரம் பார்த்து, பலகையில் அதன் இடத்தில் மாட்டிவிட்டு வந்தேன். மாட்டினால் சரியாகிவிடும் என்பது போல.

அறுவை சிகிச்சை செய்தார்கள். நெஞ்சில் சளி கட்டியது. இருபத்துமூன்றாம் நாள் அக்கா இறந்துபோனாள். கடைசி வாரம் நான் பக்கத்தில் போனால் என் கையைப் பிடித்துக்கொள்வாள். அந்தப் பிடிக்கு நான் கொஞ்சமும் தகுதியில்லாதவன் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கையை உருவிக்கொள்ளவில்லை.

துக்கத்துக்கு வந்த கூட்டத்தில் எங்கள் பெரியம்மா அத்தானைப் பிடித்துக்கொண்டாள். "வீடு பூரா இரும்பா வாங்கி அடுக்கினீங்களே, ஒரு கைப்பிடி மாட்ட உங்களுக்குத் துப்பில்லையா? நாலு வாரமா தேய்ச்சுக்கிட்டே இருந்தீங்களாமே! எம் பொண்ணைத் தேய்ச்சே கொன்னுட்டீங்களே!" கூட்டமே அவரைப் பார்த்தது. அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் நான் எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். சொல்லியிருக்க மாட்டேன்.

ஒரு மாதம் கழித்து, எப்படியோ மனதைத் திடப்படுத்திக்கொண்டு போனேன். அத்தான் சமையலறையில் ஒற்றைத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அத்தான், அந்த மெஷின் எங்கிட்டதான்..."

"தெரியும் மாப்ள. நான்தானே குடுத்தேன்."

"ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமே அத்தான். அஞ்சு நிமிஷத்துல கொண்டாந்திருப்பேனே."

குழாயை மூடினார். "பண்றேன்னுதான் கிளம்பினேன். அவ விடல. 'கேக்காதீங்க. திரும்ப அவன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு வராம போயிட்டான்னா என்னால தாங்க முடியாது. போய்ப் புதுசா ஒண்ணு வாங்கிட்டு வந்துடுங்க'ன்னா. கடை திறக்குற நேரத்துக்குப் போனேன். நான் வர்ற வரைக்கும் உள்ளே இறங்காதேன்னு சொல்லிட்டுத்தான் போனேன். அங்க கூட்டம்."

தட்டைத் துடைத்து வைத்தார். நான் அழுதேன். அவர் அழவில்லை. என் தோளில் ஈரக் கையை வைத்தார்.

"நீ யார்கிட்டயும் சொல்லிக்காதே மாப்ள. உன்னை நாலு பேர் ஒரு வார்த்தை சொன்னா அவளுக்குப் பொறுக்காது."

அந்த வார்த்தையைக் கேட்டதும் என் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது. அவர் எனக்குக் கொடுத்த மன்னிப்பைவிட, யாருக்கும் தெரியாது என்கிற நிம்மதியே எனக்குப் பெரிதாக இருந்தது.

இப்போது அத்தான் யார் எது கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை வேலையெல்லாம் நின்றுபோயிற்று. வைஸில் துரு ஏறிவிட்டது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து எடுத்துப் போகிறார்கள், யாரும் திருப்பித் தருவதில்லை, அவரும் கேட்பதில்லை. போன மாதம் எட்டிப் பார்த்தபோது பலகையில் பாதிக்கு மேல் வெறும் கோடுகள்தான்.

போன வாரம் ஒரு கல்யாணத்தில் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். பெரியம்மாவின் மகன், அத்தானிடமிருந்து எடுத்து வந்த இழைப்புளியைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டிருந்தான். "அந்த ஆளுக்கு எதுக்கு இதெல்லாம்? ஒரு கைப்பிடி மாட்ட முடிஞ்சுதா அவரால?" என்றான். பந்தியில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.