அண்ணன் பேரில் ஒரு கார்

அண்ணன் பிறந்தது படுவான்கரையில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே. அப்பா வாவியில் வலை வீசியவர். நாங்கள் நான்கு பிள்ளைகள். அண்ணன் மூத்தவர். பின்னால் மூன்று பெண்கள். நான் கடைசி.

அப்பா காய்ச்சலில் போனார். அப்போது அண்ணன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். மறு கிழமை முதல் போகவில்லை. முதலில், நிறைய வயல் உள்ள ஒரு போடியாரின் உழவு இயந்திரத்தில் ஏறினார். பிறகு ஏறாவூரில் ஓர் அரிசி ஆலையின் லொறி ஓட்டினார். சண்டை நடந்த பிரச்சினைக் காலத்தில் லொறி ஓட்டுவது லேசான வேலை இல்லை. அதைப் பற்றி அண்ணன் வீட்டில் கதைத்தது கிடையாது. வந்தால் கால் கழுவுவார், சாப்பிடுவார், படுப்பார்.

"பாதை எப்பிடிடா மகன்?" என்று அம்மா கேட்பார்.

"பாதை கிடக்கு" என்பார் அண்ணன். அவ்வளவுதான்.

அதன் பின் கட்டாருக்குப் போய்த் தண்ணீர் ஏற்றும் பவுசர் லொறி ஓட்டினார்.

வெளிநாட்டில் பிறந்த எங்கள் பிள்ளைகளும் இந்த நினைவு மலரை வாசிப்பார்கள். அவர்களுக்காக ஒன்றை எழுத வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் மனைவி வீட்டுக்குப் போவார். அதனால் தங்கச்சிமார் உள்ள அண்ணன் அவர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் தனக்குப் பெண் பார்ப்பார். அண்ணன் மூன்று வீடு கட்டினார். மூன்றும் கல்வீடு. என் வீட்டுக்கு ஓடு ஏற்றிய பிறகுதான் மச்சாளை, அதாவது எங்கள் அண்ணியை, கலியாணம் முடித்தார். அதற்குள் தலையில் நரை வந்துவிட்டது. மச்சாளின் வீடு அவருடைய தாய் அவருக்குக் கொடுத்தது. அடுத்து அது அண்ணனின் மகளுக்குப் போகும்.

இதை ஒருவரும் பிழையாக நினைப்பதில்லை. அண்ணனும் நினைக்கவில்லை. ஆனால் அவர் பேரில் ஒரு செங்கல்லும் இருக்கவில்லை.

கட்டாரிலிருந்து ஒரேயடியாக வந்த வருடம், ஒரு நாள் காலையில் என் வாசலுக்கு வந்தார். நான் மீன் பெட்டியை ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி, காத்தான்குடிக்கு ஒருக்கா வா."

"என்னத்துக்கு அண்ணன்?"

"ஒரு சாமான் பாக்க."

"மச்சாள் வரல்லியா?"

"அவவுக்குப் பிறகு சொல்லுவம்."

அப்போதே எனக்குச் சந்தேகம் வந்தது.

காத்தான்குடியில் ஒரு ஹாஜியாரின் வீடு. வீட்டுப் பக்கத்தில் தறப்பாள் போட்டு ஏதோ மூடிக் கிடந்தது. தறப்பாளை இழுத்தார்கள். சிவப்பு நிறத்தில் ஒரு கார். என் இடுப்பளவுக்கு மேல் இல்லை. இரண்டு கதவு, இரண்டே இரண்டு ஆசனம். முன்விளக்கு வெளியே தெரியாது. சுவிட்சைப் போட்டால் பொனட்டுக்குள் இருந்து தவளைக் கண் மாதிரி எழும்பும். ஜப்பானில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். என் மூத்த மகளைவிட அதற்கு வயது கூட.

ஹாஜியார் சொன்னார்: "இது மகன் ஆசப்பட்டு எடுத்த. அவர் லண்டனுக்குப் போய்ட்டார். நானும் ஒருநாள் ஏறிப் பாத்த. ஏற ஏலும் தம்பி. இறங்கத்தான் ரெண்டு பேர் வேணும்."

அண்ணன் சிரித்தார். சட்டைப் பையில் இருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். பழைய ரேடியோ ஸ்பீக்கரில் இருந்து கழற்றியது. அதைக் கைலேஞ்சித் துணியில் சுற்றிக் காரின் உடம்பு முழுக்க வைத்து வைத்துப் பார்த்தார். வாவிக்காற்று இரும்பைத் தின்னும். தின்ற இடத்தில் பட்டி பூசிப் பெயின்ற் அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. காந்தத்துக்குத் தெரியும். இரும்பில் ஒட்டும், பட்டியில் விழும்.

"என்ன தம்பி, டொக்டர் மாதிரி வெச்சி வெச்சிப் பாக்கிறீங்க?"

"மூச்செடுக்கிதா எண்டு பாக்கிறன் ஹாஜியார்."

"மூச்செடுக்கும். சில நேரம் இருமும்."

இடது பக்கக் கதவுக்குக் கீழே காந்தம் விழுந்தது. பின் சில்லுக்குப் பக்கத்திலும் விழுந்தது. அண்ணன் மணலில் மல்லாந்து படுத்து அடியைப் பார்த்தார். எழும்பி முதுகைத் தட்டிக்கொண்டு என்னிடம் சொன்னார்: "அடி நல்லா இரிக்கு. பக்கந்தான் கொஞ்சம் அரிச்சிப் போச்சு. எனக்கும் அப்பிடித்தானே."

விலை பேசியதை எழுதத் தேவையில்லை. பேர் மாற்றும் பேப்பரில் தன் முழுப் பேரையும் அப்பாவின் பேரோடு எழுதினார். மெதுவாக எழுதினார்.

மச்சாள் வாசலில் நின்று காரைப் பார்த்தார்.

"மூணு பேர் உள்ள வீட்டுக்கு ரெண்டு பேர் இரிக்கிற காரா? மத்த ஆள் பின்னால ஓடி வாறதா?"

"நீயும் மகளும் போங்க. நான் ஓடி வாறன்" என்றார் அண்ணன்.

"உங்களுக்குப் பைத்தியந்தான்" என்று சொல்லிவிட்டு மச்சாள் உள்ளே போனார். சில நாள் அண்ணனுக்குச் சோறு வந்தது, கதை வரவில்லை. பிறகு ஒரு பின்னேரம் மச்சாள் நல்ல சேலை உடுத்து வந்து காருக்குள் இருந்தார். "சந்தி மட்டும்" என்றார். கல்லடிக் கடற்கரை வரை போய்விட்டு வந்தார்கள்.

பழைய கார் சும்மா இருக்காது. ஏறாவூரில் கராஜ் வைத்திருந்த முஸ்லிம் பெரியவரை நாங்கள் காக்கா என்போம். அவர் பாகம் தேடித் தேடிப் போட்டார். ஒரு விளக்கு எழும்பும், மற்றது எழும்பாது. மண்முனைப் பாலத்தடியில் மறித்த பொலிஸ்காரர் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "என்ன ஐயா, எனக்குக் கண்ணடிக்கிறீங்களா?" என்று கேட்டார். அண்ணன் இறங்கி அந்த விளக்கைக் கையால் தூக்கி விட்டார். அது திரும்பவும் மூடிக்கொண்டது. பொலிஸ்காரர் போகச் சொல்லிவிட்டார்.

வெள்ளாமை வெட்டு நேரம் நடந்ததையும் எழுதுகிறேன். எங்கள் வயல் வட்டையில் அன்று வெட்டு. அண்ணன் காரில் வந்து, நிழல் என்று மருத மரத்தின் கீழ் நிறுத்தினார். கீழே புது வைக்கோல் பரந்து கிடந்தது. உழவு இயந்திரம், லொறி என்று உயரமான வாகனத்தில் இருந்தே பழகியவர். இது எவ்வளவு பதிவாக நிலத்தோடு ஒட்டி நிற்கிறது என்பது நினைவில் இல்லை. சூடான சைலன்சரில் வைக்கோல் பட்டுப் புகை வந்தது. வாய்க்காலுக்கு ஓட நேரமில்லை. வேலைக்காரருக்கு வைத்திருந்த தேத்தண்ணி வாளியைத் தூக்கி அப்படியே ஊற்றினார்கள். புகை நின்றது. கார் முழுக்க சீனியும் தேயிலையும்.

"அண்ணாச்சி, நாளைக்கு வடையும் வெச்சிக் குடுக்கவா?" என்று ஒருவர் கேட்டார்.

அண்ணனும் சேர்ந்து சிரித்தார். அதற்குப் பிறகு எங்கே நிறுத்தினாலும் இறங்கிக் குனிந்து நிலத்தைப் பார்ப்பார்.

இனி நோயைப் பற்றி எழுத வேண்டும். அண்ணன் வைத்தியத்தை விட்டுவிட்டுத்தான் போனார் என்று சிலர் கதைக்கிறார்கள். செத்த வீட்டிலும் கதைத்தார்கள். நடந்ததை நான் எழுதுகிறேன்.

சிறுநீரகம் இரண்டும் பழுது என்று சொன்னார்கள். கிழமைக்கு இரண்டு முறை மட்டக்களப்புக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். கார் ஓட்டக்கூடாது. ஓட்டோ பிடித்துப் போனார்கள். கால் வீங்கியிருந்தது. ஆட்கள் தூக்கி ஏற்றினார்கள், தூக்கி இறக்கினார்கள். ஒரு நாள் அண்ணன் எழும்பவில்லை.

"நெல் மூடை மாதிரி ஏத்தி இறக்கிறீங்க. போதும்" என்றார்.

மச்சாள் அழுதார். மகள் அழுதாள். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அடுத்த முறையும் போகவில்லை. முகம் ஊதிவிட்டது. எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். நான் போய்க் கட்டிலில் இருந்தேன்.

"அண்ணன், உங்கட காரில போவமா?"

"ஆர் ஓட்டுற?"

"நான்."

தலையைத் திருப்பினார். "நீ மீன் விக்கிறவ."

"மீன் விக்கிறவளுக்குக் கிளச்சு மிதிக்க ஏலாதா?"

அண்ணன் கையை ஊன்றி எழும்பி இருந்தார். பிறகு, "சேலையத் தூக்கிச் செருகு. மிதிக்கக்குள்ள சிக்கும்" என்றார்.

லைசன் என்னிடம் இருந்தது. ஸ்கூட்டிக்கு எடுத்தபோது அண்ணன்தான் காருக்கும் சேர்த்து எடுக்க வைத்தவர். எடுத்தபின் கார் ஓட்டியது கிடையாது. அன்று பின்னேரம் வட்டைப் பாதையில் ஓட்டிப் பார்த்தேன். அண்ணன் பக்கத்தில். பதிவாக இருந்து பார்க்க, பாதை முகத்துக்கு வருவது போல இருந்தது. எருமைகள் குறுக்கே நின்றன. காருக்குள் இருந்து அவற்றின் வயிறுதான் தெரிந்தது.

"ஹோர்ன் அடிக்கவா அண்ணன்?"

"அடிச்சாலும் போகாது. நீ விலகிப் போ. அது பிறந்த ஊர் இது."

"நானும் இஞ்சதான் பிறந்த."

"அப்ப கதைச்சிப் பார்."

நோய் வந்த பின் அண்ணன் பகிடி விட்டது அன்றுதான்.

அப்படித்தான் போகத் தொடங்கினோம். ஏறும்போது அவரே கையை ஊன்றி ஏறுவார். இறங்கும்போது நான் இரண்டு கையையும் பிடிப்பேன். வேறு ஒருவரும் தொட விடமாட்டார். நேர்ஸ் பிள்ளைகள் வெளியே வந்து காரைப் பார்ப்பார்கள். "ஐயா, எங்களையும் ஒரு ரவுண்ட் கூட்டிப் போங்க" என்பார்கள். "டிரைவரைக் கேளுங்க" என்று என்னைக் காட்டுவார்.

எங்கள் வீட்டில் அண்ணனோடு தனியே கதைக்க ஒருவருக்கும் வாய்த்ததில்லை. எப்போதும் ஆட்கள், எப்போதும் வேலை. அந்தக் காருக்குள் இரண்டு பேர்தான். பாலத்தில் போகும்போது ஒரு நாள் கேட்டேன், ஏன் இந்தக் கார் என்று.

"பவுசர் ஓட்டக்குள்ள இப்பிடிக் கார்கள் எங்களக் கடந்து போகும். போன மறுகா புழுதிதான். நான் மேல இருந்து பாப்பன். அதுக்குள்ள இரிக்கிறவனுக்கு ரோட்டு எப்பிடித் தெரியும் எண்டு யோசிப்பன்."

"இப்ப எப்பிடித் தெரியிது?"

"உன்ர ஓட்டத்தில பயமாத் தெரியிது."

மாரி வந்தது. ஒரு காலை நல்ல மழை. கார் ஸ்டார்ட் வரவில்லை. அண்ணன் ஏறி இருந்துவிட்டார். நான் திறப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இருமியது, நின்றது. ஓட்டோவுக்குப் போன் எடுத்தோம். பாதையில் வெள்ளம், வர ஏலாது என்றார்கள்.

"அது வேணாம் எண்டுது தங்கச்சி. உள்ளுக்குப் போவம்" என்றார் அண்ணன்.

இனித் தவறினால் நுரையீரலில் தண்ணீர் கட்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அன்று திரும்பி உள்ளே போனால் அண்ணன் இனி வாசலுக்கு வரமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும்.

ஹோர்னை அடித்தேன். அயலார் வந்தார்கள். ஆள் இருக்க இடமில்லாமல் பேக்கரிப் பாண் பெட்டி ஏற்றிய ஓட்டோவில் பாட்டுப் போட்டு விற்கும் பாண்காரர், பாட்டை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். பாலத்துக்குப் போகும், வெள்ளம் ஏறாத மேட்டுப் பாதை எங்கள் பக்கத்தில் இருந்தது. அது வரை தள்ளினால் போதும். மச்சாளும் மகளும் தள்ளினார்கள். சில்லு ஈர மணலில் புதைந்து நின்றது. கார் அசையவில்லை.

அப்போது பக்கத்துக் கதவு திறந்தது. அண்ணன் தானாக இறங்கினார். காரின் கூரையைப் பிடித்துக்கொண்டு மழைக்குள் பின்பக்கம் நடந்தார்.

"எங்க போறீங்க! ஏறுங்க!" மச்சாள் கத்தினார்.

"என்ர பாரமும் குறையட்டும்."

இரத்தம் சுத்தம் செய்ய ஊசி போடுகிற கையால் பாரம் தூக்கக் கூடாது. அந்தக் கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டார். மற்றக் கையையும் தோளையும் காரில் கொடுத்தார். கண்ணாடியில் அவர் முகம் எனக்குத் தெரிந்தது.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? தள்ளுங்கடா! தங்கச்சி, ரெண்டாம் கியர்!"

கார் மேட்டுக்கு ஏறியது. உருண்டது. கிளச்சை விட்டேன். பிடித்தது. நிறுத்தினால் அணைந்துவிடும் என்ற பயத்தில் சந்தி மட்டும் போய்த் திருப்பி வந்தேன். அண்ணன் முழங்கால் வரை சேற்றோடு நடுப்பாதையில் நின்றார். மூச்சு வாங்கியது. பாண்காரர் பாண் பெட்டி மூடும் நீலத் துணியை அவர் தலைக்கு மேல் பிடித்திருந்தார்.

"விட்டுட்டுப் போறாய் எண்டு நினைச்சன்" என்றார் அண்ணன்.

பாலம் தாண்டிய பிறகு கேட்டேன்: "ஏன் அண்ணன் இறங்கின?"

"போகணும்தானே" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு முறையும் தவறவில்லை. கடைசி நாளும் போகிற நாள்தான். நான் போனபோது வாசலில் கதிரையில் சாய்ந்து இருந்தார். குளித்து, சட்டை போட்டு, செருப்பும் போட்டிருந்தார். மச்சாள் தேத்தண்ணி எடுக்க உள்ளே போய் வருவதற்குள் முடிந்துவிட்டது. அண்ணன் வைத்தியத்தை விடவில்லை. உடம்புதான் விட்டது. கதைக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்று ஆண்டுத் திவசம். அண்ணனைப் பார்த்த டொக்டர்மாருக்கும் நேர்ஸ் பிள்ளைகளுக்கும் எங்கள் கும்பிடு. மழையில் தள்ளிய அயலாருக்கும் பாண்காரருக்கும், கூலி வாங்காமல் கார் பார்த்த ஏறாவூர் காக்காவுக்கும், செத்த வீட்டுக்கு வந்து கடைசி வரை இருந்த ஹாஜியாருக்கும் நன்றி. பந்தல் போட்டவர்கள், சமைத்தவர்கள், தூரத்தில் இருந்து வந்தவர்கள், வர ஏலாமல் போனில் அழுதவர்கள், ஒருவரையும் மறக்கவில்லை.

காரை விற்பீர்களா என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை. மச்சாளும் மகளும் அதை எனக்கே தந்துவிட்டார்கள். இப்போது மருதங்குளம் பக்கத்து வாத்தியார் ஒருவரையும், ஆஸ்பத்திரியில் அண்ணனுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஓர் அம்மாவையும் மாறி மாறி ஏற்றிப் போகிறேன். படுவான்கரையில் வேறு யாருக்காவது ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை என்றால் முதல் நாளே சொல்லி அனுப்புங்கள். ஒருவர் தாராளமாக வரலாம். இறங்கும்போது நான் பிடிப்பேன்.

இப்படிக்கு,
கடைசித் தங்கச்சி