சூடம் காட்டிய கல்

கண்டி ஏரிக்கரைக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை அங்கே இயற்கை, கதை, உள்மனம் மூன்றையும் ஒன்றாகக் கரைத்து ஊற்றுவார்கள். தேநீரும் பிஸ்கட்டும் உண்டு. போன மாதம் அங்கே ஒரு கதை சொல்லப்பட்டது. துக்கத்தில் இருந்த ஒரு பெண் தன் துக்கத்தை ஒரு கல்லில் இறக்கிவைத்து, அந்தக் கல்லை ஓடையில் எறிந்து, விடுதலை அடைந்தாளாம். சொன்னவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். கேட்டவர்களும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். நான் மட்டும் திறந்து வைத்திருந்தேன். அந்தப் பெண் என் தங்கை. கல் ஓடையில் விழவே இல்லை.

தங்கைக்குக் கலியாணமாகி வெகு காலம் கழித்து உண்டான பிள்ளை, உயிரில்லாமல் பிறந்தது. பெண் குழந்தை. முகத்தைப் பார்த்தால் மனது கெட்டுவிடும் என்று குடும்பத்துப் பெரியவர்கள் முடிவு செய்து, அவளுக்குக் காட்டவில்லை. கம்பளையில் கடை வைத்திருக்கும் அவள் புருஷனும் அவருடைய சித்தப்பாவும் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்து தலைக்குக் குளித்தார்கள். எந்த இடம் என்றுகூட அவளிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு யாராவது பேச்செடுத்தால், "அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்று தேத்தண்ணி வந்துவிடும். எங்கள் குடும்பத்தில் எல்லா வாயையும் தேத்தண்ணியால்தான் அடைப்பார்கள்.

அவள் அந்த மண்டபத்துக்குப் போகத் தொடங்கியது அப்படித்தான். கூட்டம் நடத்தியவர் கொழும்பிலிருந்து வந்தவர். வெள்ளைப் பருத்திச் சட்டை, கழுத்தில் ஒரு விதைமாலை, பஞ்சில் சுற்றி எடுத்தது போன்ற குரல். தெல்தோட்டைக்கு மேலே தேயிலைத் தோட்டத்துப் பழைய பங்களா ஒன்றில் தங்கல் முகாம் என்று அவர் அறிவித்ததும் தங்கை பேர் கொடுத்துவிட்டாள். அவளைத் தனியே அனுப்ப மனமில்லாமல் நானும் போனேன். மாநகரசபை கவுண்டரில் உட்கார்ந்து கண்டிச் சனத்தின் அத்தனை சாக்குப்போக்கையும் கேட்டு ஓய்வு பெற்றவள் நான். உள்மனத்தைத் தேடிப் போகும் வயதில் இல்லை.

போனவுடன் கோரைப்புல்லில் பின்னிய ஒரு பன்கூடையைக் கொண்டுவந்து எல்லாருடைய போனையும் வாங்கிக்கொண்டார்கள். நடத்துபவர் மட்டும் தன்னுடையதை வைத்துக்கொண்டார். நடக்கிறதைப் பதிவு செய்யவாம். காலையில் இலைக்கஞ்சி, பகலில் மௌனம், பின்னேரம் மறுபடியும் இலைக்கஞ்சி. மௌனமாகச் சாப்பிட வேண்டும் என்றால் எங்கள் ஆட்களால் முடிகிற காரியமா? பக்கத்தில் இருப்பவரின் கோப்பை காலியானால் "இன்னும் கொஞ்சம் ஊத்தவா?" என்று கேட்காமல் இருக்க முடியாமல், எல்லாரும் கண்ணாலும் புருவத்தாலும் உபசரித்து ஓய்ந்து போனார்கள்.

பங்களாவுக்குக் கீழே, ஓடையோரத்தில் ஒரு பெரிய மரம். இயற்கையைப் பற்றிப் பேச வந்தவர்களில் ஒருவருக்கும் அதன் பேர் தெரியவில்லை. எனக்கும் தெரியாது, ஆனால் நான் இயற்கையைப் பற்றிப் பேச வரவில்லை. எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு மரத்தைக் கட்டிப்பிடிக்கச் சொன்னார்கள். "இயற்கை உங்களை ஏற்றுக்கொள்ளட்டும்" என்றார் அவர். மழை விட்ட நேரம். அட்டைகள் எல்லாரையும் நன்றாகவே ஏற்றுக்கொண்டன. கண்டியில் நகைக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மா ஒற்றைக் காலில் துள்ளிக்கொண்டே உப்புக் கேட்டார். அன்று மௌனம் அத்தோடு கலைந்தது.

பின்னேரம் கதைவட்டம். ஒவ்வொருவரும் தன் வாழ்க்கையிலிருந்து ஒரு கதை சொல்ல வேண்டும். நகைக்கடை அம்மா மருமகளைப் பற்றிச் சொன்னார்; மருமகளும் அங்கே இருந்திருந்தால் அது வேறு கதையாக இருந்திருக்கும். தங்கையின் முறை வந்தது. அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு, "எனக்குக் கதை இல்லீங்க" என்றாள்.

"மௌனமும் ஒரு கதைதான்" என்று அவர் புன்னகைத்துவிட்டு, அடுத்தவர் பக்கம் திரும்பினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் பேசத்தானே வந்தாள். வீட்டில் தேத்தண்ணி கொடுத்து அடைத்தார்கள், இவர் புன்னகை கொடுத்து அடைத்தார். இதில் என்ன வித்தியாசம்?

மறுநாள்தான் அந்தக் கல் விளையாட்டு. ஓடையில் இறங்கி ஆளுக்கொரு கல் எடுக்க வேண்டும். மனதில் உள்ள பாரத்தை அந்தக் கல்லிடம் சொல்லி, மரத்தடியில் வைக்க வேண்டும். கடைசி நாள் காலையில் எல்லாரும் தங்கள் கல்லை ஓடையில் எறிந்துவிட்டுச் சுமையில்லாமல் வீட்டுக்குப் போகலாம். நான் பட்டாணி அளவில் ஒன்றை எடுத்து என் முழங்கால் வலியை அதனிடம் ஒப்படைத்தேன். தங்கை வெகு நேரம் தேடினாள். கைக்குள் அடங்குகிற, வழவழப்பான ஒரு கல்லை எடுத்துக் கழுவி, சால்வை முனையால் துடைத்தாள். உடனே கொண்டுபோய் வைக்கவில்லை. நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றாள். அவள் அதைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது.

"இத எறியணுமா அக்கா?" என்று கேட்டாள்.

"எறியத்தான் சொல்றாங்க."

மற்றவர்கள் எல்லாரும் வைத்து முடித்த பிறகு அவளும் அதைக் கொண்டுபோய் மரத்தடியில் வைத்தாள். ஆனால் அன்றிரவு முழுக்க அவள் புரண்டு புரண்டு படுத்ததை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்க்கவில்லை, இடம் தெரியாது, இப்போது கையில் கிடைத்த ஒன்றையும் தண்ணீரில் போடச் சொல்கிறார்கள்.

காலையில் மரத்தடிக்குப் போனால், கற்கள் எல்லாவற்றுக்கும் மஞ்சளும் குங்குமமும் பூசியிருந்தது. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு செம்பருத்தி. முன்னால் சூடம் எரிந்த கறுப்பு, ஒரு மண்விளக்கு, உடைத்த தேங்காய். என் முழங்கால் வலிக்கும் ஒரு பூ கிடைத்திருந்தது. நடத்துபவர் கையைக் கூப்பியபடி, "நிலம் நமக்குப் பதில் சொல்லியிருக்கிறது" என்றார். போனை எடுத்து எல்லாப் பக்கத்திலிருந்தும் நிலத்தின் பதிலைப் படம் பிடித்தார்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கொழுந்து எடுக்கப் போகிறவர்களின் குறுக்குப்பாதை அந்த மரத்தடியால்தான் போகிறது. தோட்டத்தில் பெரிய மரத்தடியில் கல்லை வரிசையாக நட்டு வைத்தால் அது என்ன என்று யாராவது கேட்க வேண்டுமா? முனியோ, மாடசாமியோ, எந்தச் சாமியானாலும் வந்த சாமியைக் காய விடுவார்களா? லயத்துக் குடியிருப்புச் சனம் வந்து மரியாதை செய்துவிட்டுப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

கடைசி நாள் காலை. "இப்போது விடுவிப்போம்" என்று அவர் சொல்லி, முதல் ஆள் கல்லில் கை வைக்கும் நேரம், கூடையோடு மலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் பாதையில் நின்றுவிட்டார்கள். முன்னால் வந்தவள் வாட்டசாட்டமான ஆள், உரத்த குரல்.

"என்னா செய்றீங்க? சாமிய எங்க தூக்கிட்டுப் போறீங்க?"

"இவை சாமிகள் இல்லை அம்மா. எங்கள் மனச்சுமைகள்" என்றார் அவர், பஞ்சுக்குரலில்.

"சொமையோ என்னவோ, சூடம் காட்டியாச்சு. நேத்து என் மகனுக்குக் கட்டார்ல வேல கெடைக்கணும்னு தேங்கா ஒடைச்சிருக்கேன். இன்னிக்கு ஆத்துல வீசுவீங்களா?"

அவர் பிரபஞ்சம், ஓட்டம், பற்றறுத்தல் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். முதலில் கட்சி மாறியது நகைக்கடை அம்மாதான். கல்லை இருந்த இடத்திலேயே வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, விழுந்து கும்பிட்டார். மருமகள்மேல் இருந்த ஆத்திரத்தையெல்லாம் அந்தக் கல்லில்தான் இறக்கியிருந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தங்கள் கவலையையும் பொறாமையையும் கடனையும் கன்னத்தில் போட்டுக் கும்பிட்டார்கள். உள்மனப் பயிற்சி அந்த இடத்தில் முடிந்தது. இப்படி ஒரு காட்சியைப் பார்த்ததற்காக அந்த இலைக்கஞ்சியை நான் மன்னித்துவிட்டேன்.

தங்கை மட்டும் தன் கல்லைக் கையிலேயே வைத்திருந்தாள். தோட்டத்து அம்மாளின் பார்வை அதில் விழுந்தது.

"இது என்னா சாமி தங்கச்சி?"

தங்கை நிமிர்ந்து பார்த்தாள். "சாமி இல்லீங்க. என் மக."

புன்னகைக்கிற மனிதரும் புன்னகைக்கவில்லை. அந்த அம்மாள் தலைக்கயிற்றைக் கழற்றிக் கூடையை இறக்கி வைத்தாள்.

"பேரு வச்சீங்களா?"

தங்கை அவளுக்கும் எனக்கும் மட்டும் கேட்கும்படி சொன்னாள். அந்தப் பிள்ளைக்கு ஒரு பேர் இருந்தது கூடப் பிறந்த எனக்கே அன்றுதான் தெரியும். அதை இங்கே எழுதமாட்டேன். எழுதினால், அந்தப் பஞ்சுக்குரல்காரர் அடுத்த மாதக் கூட்டத்தில் அதையும் எடுத்துச் சொல்லிவிடுவார்.

நடத்துபவரின் கை மெல்ல உயர்ந்தது, போனோடு. பன்கூடை பக்கத்தில்தான் இருந்தது. அதை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். "போடுங்க" என்றேன், கவுண்டரில் பேசிய குரலில். போட்டுவிட்டார்.

"சின்னப்புள்ளைக்குக் குங்குமம் எதுக்கு?" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் கல்லை வாங்கி, முந்தானையால் மஞ்சளையும் குங்குமத்தையும் துடைத்தெடுத்தாள். குனிந்து, மண்விளக்கின் திரிக்கரியை விரலால் தொட்டாள். கல்லை ஒருமுறை திருப்பிப் பார்த்து, கன்னம் எது என்று யோசித்தாள். பிறகு கண்ணேறு படாமல் இருக்க ஓரமாக ஒரு கறுப்புப் பொட்டு வைத்து, தாயின் கையில் கொடுத்தாள்.