சந்தை நாளும் கோட்டை மதிலும்

நான் சந்தேகப் பிராணி என்று புகுந்த வீட்டில் எனக்கு ஒரு பேர் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டாந்தாரமாக வாழ்க்கைப்பட்டுப் பார்த்தால் தெரியும். மூத்தவள் காய்ச்சலில் செத்துப்போனாள் என்று சொல்லித்தான் என்னைப் பெண் கேட்டார்கள். அவளுடைய பிறந்தகம் ஓசூருக்கு அப்பால், மைசூர்ப் பக்கம். என்ன காய்ச்சல், எத்தனை நாள் கிடந்தாள் என்று கேட்டால், மாமியாருக்கு உடனே மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் வேலை வந்துவிடும். கிணற்றடியிலும் அப்படித்தான். நான் குடத்தோடு போனதும் பேச்சு நின்றுவிடும்.

இது ஐம்பதுகளின் நடுவில். என் வீட்டுக்காரர் வாரம் தவறாமல் குந்தாரப்பள்ளி மாட்டுச் சந்தைக்குப் போவார். மாடு வாங்கவும் மாட்டார், விற்கவும் மாட்டார். ஆனால் காலையிலேயே இரண்டு களி உருண்டையைத் தூக்குச்சட்டியில் போட்டு, அவரைக்கொட்டைக் குழம்பு ஊற்றிக் கொடுக்கச் சொல்வார். சந்தையில் சுடச்சுட இட்லி கிடைக்கும்போது எதற்கு ஆறின களி?

"உன் கைருசி வருமா மே?" என்பார்.

வீட்டில் ஒரு நாளும் என் கைருசியைப் புகழ்ந்தவரில்லை. போதாததற்கு, திரும்பி வரும்போது வேட்டிக் கரையெல்லாம் நாயுருவி ஒட்டியிருக்கும். சந்தைக்குப் போகும் வண்டிப்பாதையில் ஏது நாயுருவி? எவளோ ஒருத்தி இருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். ஒரு சந்தை நாளில் விறகுக்குப் போவதாக மாமியாரிடம் சொல்லிவிட்டு, எட்ட இருந்தபடியே அவர் பின்னால் நடந்தேன்.

பாதி வழியில் அவர் பாதையை விட்டு விலகி, எங்கள் ஊர் மலைக்கோட்டையின் பின்பக்கம் ஏறினார். முன்பக்கமாவது திருவிழாவுக்கு ஜனம் ஏறும். பின்பக்க மதிலை யாரும் சீந்துவதில்லை. ஆளுயரப் பாறைகளை அடுக்கிக் கட்டியது; பாதி சரிந்து, சீத்தாச் செடியும் நாயுருவியும் மண்டிக் கிடந்தன. மதிலடியில் அங்கங்கே குழிகள், புதையல் ஆசையில் யாரோ தோண்டியவை. ஓகோ, பெண் இல்லை, புதையல்தானோ என்று எனக்குக்கூடக் கொஞ்சம் ஆசை வந்தது. அதையும் என்னிடம் மறைக்கிறாரே என்று உடனே கோபமும் வந்தது.

மதில் பிளந்திருந்த ஓர் இடத்தில் அவர் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் வெறும் தூக்குச்சட்டியோடு வெளியே வந்து சந்தைப் பக்கம் இறங்கினார். அவர் தலை மறைந்ததும் நான் உள்ளே போனேன்.

அந்தக் காலத்தில் வெடிமருந்து வைத்திருந்த கல் அறை. கூரை பாதி இல்லை. ஆனால் வாசல் பெருக்கிச் சாணி தெளித்து அவ்வளவு சுத்தம். குடித்தனமே நடக்கிறது என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"யாரு? கிட்ட வராத தாயி," என்றது ஒரு குரல்.

இலையில் என் களியை வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கைகளை அவசரமாக முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அதற்குள் பார்த்துவிட்டேன். விரல்கள் பாதிதான் இருந்தன. பெருநோய்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்தைப் பார்த்தாள். எங்கள் பக்கத்தில் இரண்டாந்தாரம் கட்டும்போது, செத்த மூத்தவளுக்காகச் சின்னத் தங்கத் தகட்டில் ஒரு பெண் உருவம் அடித்துத் தாலியோடு கோத்துவிடுவார்கள், அவள் ஆவி பொறாமைப்பட்டுத் தொல்லை கொடுக்காமல் இருக்க. வெள்ளிக்கிழமை தோறும் அதற்குக் குங்குமம் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"அது நானா?" என்று கேட்டாள்.

தகட்டைத் தூக்கிக் காட்டினேன்.

"தட்டாரு மூக்கே வெக்கலியே. எனுக்கு இன்னும் மூக்கு இருக்குது பாரு தங்கச்சி," என்று சிரித்தாள். பிறகு சொன்னாள்: "அவர ஒண்ணும் சொல்லாத. ஊர்ல இருக்க வுடல. நான் செத்துட்டேன்னு சொன்னாத்தான் அந்த வூட்டோட ஜனம் பொழங்கும்னு பெரியவங்க சொல்லிட்டாங்க."

சாயங்காலம் அவர் வந்து கால் கழுவும்போது, "கோட்டைக்குப் போயிருந்தேன்," என்றேன். செம்பு அவர் கையிலேயே நின்றது. வாரா வாரம் சோறு கொண்டுபோகிற மனுஷன். வேறொருவன் என்றால் தலைமுழுகியிருப்பான். அதை நினைத்து மனசு இளகத்தான் செய்தது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நாளைக்கு எனக்கு ஒரு தேமல் வந்தா, என்னை எந்தக் காய்ச்சல்ல சாவடிப்பீங்க?"

அப்படியெல்லாம் உன்னை விடுவேனா என்று ஒரு பொய்யாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் ஓர் அடி பின்னால் நகர்ந்து நின்றார்.

"அவளத் தொட்டியா மே?" என்று கேட்டார்.