ஓட்டு இல்லாதவன் கேட்ட ஓட்டு

எனக்கு அப்போது அமெரிக்காவில் ஓட்டு கிடையாது. கிரீன் கார்டு இருந்தது. சிட்டிசன்ஷிப்புக்கு விண்ணப்பித்து, இண்டர்வியூவும் முடிந்து, 'நேம் செக்' என்ற பெயர்ப் பின்னணிச் சோதனை ஒன்றாலேயே ஃபைல் இரண்டு வருடமாக எங்கோ கிடந்தது. என்னோடு அதே வாரத்தில் விண்ணப்பித்த ஆபீஸ் நண்பன் ஒருவன், மன்னார்குடிக்காரன், உறுதிமொழி எடுத்து, பாஸ்போர்ட் வாங்கி, அதை வைத்து ஐரோப்பாவையே சுற்றிப் பார்த்துவிட்டு வந்துவிட்டான். என் பெயரை மட்டும் யாரோ இரண்டு வருடமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். அப்படி என்ன பெரிய பெயர் என்று கேட்காதீர்கள். எங்கள் அதிராம்பட்டினத்தில் தெருவுக்கு நாலு பேருக்கு அந்தப் பெயர் இருக்கும்.

ஓட்டு இல்லாவிட்டால் என்ன, வாய் இருந்ததே. நான் பதினெட்டு வயதிலேயே பூத் ஏஜெண்டாக உட்கார்ந்தவன். எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே சின்னத்தில்தான் குத்துவார்கள். நேற்றுவரை வாய்க்கு வந்தபடி திட்டிய ஆளுக்குத் தலைமை மறுநாள் மாலை போட்டாலும், 'இதில் ஏதோ கணக்கு இருக்கும்' என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்போம். கேள்வியெல்லாம் ஜெயித்த பிறகு. ஜெயித்த பிறகும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம். இந்தப் புத்தியோடுதான் நான் விமானம் ஏறினேன்.

2007-ல் எங்கள் டவுன்ஷிப் கவுன்சிலுக்கு ஒரு குஜராத்திக்காரர் நின்றார். இந்தியர்கள் நிறைந்த எடிசனிலிருந்து இருபது நிமிடத் தொலைவில் இருந்த ஊர் அது. மருந்துக்கடை வைத்திருந்தவர், நல்ல மனிதர், எங்கள் கட்சி. எங்கள் கட்சி என்று சொல்ல எனக்கு என்ன உரிமை என்று மன்னார்குடிக்காரன் கேலி செய்வான். 'ஓட்டே இல்ல, உனக்கு என்ன மாப்ள கட்சி?' என்பான். ஆனால் அவனும் என்னோடு கிளம்பி வந்தான். நம் நிறத்தில் ஒருவர் அந்தக் கவுன்சில் மேடையில் உட்காரப்போகிறார் என்ற ஆசை அவனுக்கும் இருந்தது.

என் ஆசை வேறு. அது வீட்டுக்குள் இருந்தது.

2001-ல், அந்த செப்டம்பர் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். என் மனைவி மூன்று வயதுப் பிள்ளையைப் பின் சீட்டில் கட்டிவைத்துவிட்டு, கடை பார்க்கிங்கில் காரை எடுக்கப் போனாள். ஒருவன் தன் ட்ரக்கைக் கொண்டுவந்து அவள் காருக்குக் குறுக்கே நிறுத்தினான். இறங்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் முக்காட்டைப் பார்த்தபடி பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தான். பிறகு போய்விட்டான். அவ்வளவுதான். போலீசில் போய்ச் சொல்வதற்குக்கூட அதில் ஒன்றும் இல்லை. அவள் முக்காட்டை விடவில்லை, தனியாகக் கார் ஓட்டுவதை விட்டுவிட்டாள். அரிசி வாங்க, டாக்டரிடம் போக, எல்லாவற்றுக்கும் நான்தான். ஆறு வருடம்.

மகளோ நேர் எதிர். மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் எல்லோர் முன்னாலும் 'நீ முஸ்லிமா?' என்று கேட்டிருக்கிறான். இவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த சாண்ட்விச்சைக் கீழே வைக்காமலே, 'யெஸ். ஸோ?' என்று கேட்டிருக்கிறாள். டீச்சர் போன் செய்து சொன்னபோது என் மனைவி சிரித்த சிரிப்பை நான் வருடக்கணக்காகக் கேட்டதில்லை. நான்தான், என் புத்தி, 'எதுக்கும்மா வம்பு, அடுத்த தடவ பேசாம இருந்துடு' என்று பிள்ளையிடம் மெல்லச் சொன்னேன். மனைவி அதைக் கேட்டுவிட்டாள். பிள்ளை தூங்கப் போகும்வரை பொறுத்திருந்துவிட்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"நான் பயந்துட்டேன் மச்சான், அது போகட்டும். இவ பயப்படக் கூடாது. இந்த ஊர்ல எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அதற்காகத்தான் அந்தத் தேர்தல் என்று சத்தியமாக நம்பினேன். நம் ஆள் ஒருவர் மேலே போனால், அடுத்து இவளைப் பார்த்துக் கேட்கிறவன் வாய் கொஞ்சம் அடங்கும். அவளிடமும் அப்படித்தான் சொன்னேன். 'பாரு, இது நம்ம பொண்ணுக்காக' என்றேன். அவள் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

பிரச்சாரத்தைக் கவனித்த மேனேஜர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. அன்பானவர், அதில் சந்தேகமே இல்லை. சனிக்கிழமை காலையில் எல்லோருக்கும் டோனட் வாங்கி வைப்பார். நான் பன்றிக்கொழுப்பு சாப்பிட மாட்டேன் என்று தெரிந்துகொண்டு, பெட்டியைத் திருப்பிப் படித்துவிட்டுத்தான் என்னிடம் நீட்டுவார். அவர்தான் முதல் நாளே என் பெயரின் முதல் பாதியை மட்டும் எழுதிச் சட்டையில் ஒட்டிக்கொள்ளச் சொன்னார். ஜனங்களுக்கு உச்சரிக்கச் சுலபமாக இருக்குமாம். ஆபீசிலும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், இதில் என்ன என்று ஒட்டிக்கொண்டேன்.

இரண்டாவது வாரத்தில் பேச்சு கிளம்பியது. எங்கிருந்து என்று யாருக்கும் தெரியாது. மருந்துக்கடைக்காரர் ரகசியமாக முஸ்லிம், ஜெயித்ததும் டவுன்ஷிப் நிலத்தில் மசூதி கட்டப்போகிறார் என்று ஈமெயில் சுற்றியது. வீட்டில் கிருஷ்ணர் படத்துக்கு முன்னால் தினமும் விளக்கேற்றுகிற மனிதர் அவர். முதலில் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அடுத்த வாரம் மூன்றில் ஒரு வாசலிலாவது அதைக் கேட்டார்கள். சிரிப்பு நின்றது.

மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, என்ன பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் அடித்துக் கொடுத்தார். 'இல்லை மேடம், அது பொய். அவர் இந்து. குடும்பஸ்தர்.' சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும், உடனே சொல்ல வேண்டும், தயங்கினால் சந்தேகப்படுவார்கள். நான் கையைத் தூக்கினேன். முஸ்லிமாகவே இருந்தால்தான் என்ன தப்பு என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லலாமா என்று கேட்டேன். அவர் என் தோளில் கைவைத்து, இது அருமையான கேள்வி, தேர்தல் முடிந்ததும் இதைக் கட்டாயம் பேச வேண்டும் என்றார். எனக்கு அது நன்றாகப் பழகிய பதில். எங்கள் ஊரில் வட்டச் செயலாளரும் இதைத்தான் சொல்வார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அவர் ஜெயித்தார் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கொஞ்ச ஓட்டு வித்தியாசம். தேர்தல் முடிந்ததும் மேனேஜர் வேறு ஊர்த் தேர்தலுக்குப் போய்விட்டார். நானும் கேட்கவில்லை.

மன்னார்குடிக்காரனோடு ஒரு தெருவுக்குப் போனேன். ஒரு பெரியவர் வாசலில் நின்று, வேட்பாளரைப் பற்றிய கேள்வியைக் கேட்டார். நண்பன் பதில் சொன்னான். பெரியவர் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். 'நாங்களும் இந்துதான் சார்' என்று இவன் சிரித்தான். நாங்களும்! படி இறங்கியதும் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. 'ஒரு ஓட்டுக்காகத்தான் மாப்ள, மனசுல வச்சுக்காத' என்றான். நான் பரவாயில்லை என்றேன். அப்படிச் சொன்னபோது உள்ளே எரிந்தது. அவன் மேல்தான் எரிகிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த மாதம் முழுக்க நானே எத்தனை வாசலில் அந்தத் தாளில் இருந்ததை ஒப்பித்தேன் என்று யோசிக்கவில்லை. எனக்கு அது நன்றாகவே வந்தது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எல்லோரையும்விட எனக்குத்தான் அதிகம் கதவு திறந்தது.

தேர்தலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் இருப்பவர்கள் கூட்டிக்கொண்டு வாருங்கள், குழந்தையைப் பார்த்தால் ஜனங்கள் கதவைத் திறப்பார்கள் என்று மேனேஜர் சொன்னார். மகள் குதித்தாள். மனைவிக்குத்தான் கவலை. யாராவது ஏதாவது சொன்னால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். நான் பக்கத்திலேயே இருக்கிறேன், ஒருத்தன் வாயைத் திறக்கட்டும் பார்க்கலாம் என்று வீரம் பேசினேன். அவள் பிள்ளைக்கு ஸ்வெட்டரை மாட்டி அனுப்பினாள்.

மத்தியானம் இரண்டு மணி. பேய் வேஷம் கட்டும் ஹாலோவீன் பண்டிகை முடிந்து அலங்காரத்தை யாரும் இன்னும் எடுக்கவில்லை. புல்வெளியெல்லாம் அட்டைக் கல்லறை, மரத்தில் பிளாஸ்டிக் எலும்புக்கூடு. தெருவில் ஒரு ஆள் இல்லை. ஜன்னல் திரைகள் விலகி மூடுவது மட்டும் தெரிந்தது. அவள் எலும்புக்கூட்டுக்குக் கைகொடுத்துவிட்டு, அடுத்த வீட்டுக்கு எனக்கு முன்னால் ஓடினாள்.

முதல் வீட்டில் கேட்டார்கள். நான் சிரித்துக்கொண்டே பதில் சொன்னேன். நோட்டீஸைக் கொடுப்பது அவள் வேலை, கொடுத்தாள். மூன்றாவது வீட்டிலும் கேட்டார்கள். ஐந்தாவதிலும் கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்த்தாள். ஏன் எல்லோரும் இதையே கேட்கிறார்கள் என்று நடுவில் ஒரு தடவை கேட்டாள். ஆங்கிலத்தில்தான் கேட்டாள், அவள் தமிழில் பதில் சொல்வதே அபூர்வம். சும்மா ஒரு புரளிம்மா என்றேன். முஸ்லிமாக இருப்பது கெட்டதா என்று கேட்டாள். சேச்சே, இது எலெக்‌ஷன் டைம், அதான் என்றேன். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. என்னை மாதிரியே கெட்டிக்காரப் பிள்ளை.

ஒன்பதாவது வீட்டில் ஒரு பாட்டியம்மா. எண்பது வயது இருக்கும், முகமெல்லாம் சிரிப்பு. பிள்ளையைப் பார்த்ததும் உள்ளே போய் மிச்சமிருந்த சாக்லேட் கிண்ணத்தையே எடுத்துவந்து நீட்டினார். வேட்பாளரைப் பற்றிக் கேட்டார், நான் வழக்கம்போலச் சொன்னேன். 'நல்லது, நல்லது' என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். பிறகு குனிந்து என் மகளின் கன்னத்தைத் தொட்டு, நீங்களும் முஸ்லிம் இல்லையே கண்ணு என்று கேட்டார். மிரட்டலே இல்லை, மழை வருமா என்று கேட்பதுபோலத்தான் கேட்டார்.

"நோ மேம்," என்றாள் என் மகள். "வீ ஆர் ஹிண்டு."

தயங்கவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னாள். தாளில் எப்படிச் சொல்ல வேண்டும் என்று போட்டிருந்ததோ அப்படியே சொன்னாள்.

நான் அங்கேதான் நின்றேன். ஒருத்தன் வாயைத் திறக்கட்டும் என்று வீரம் பேசிய அதே ஆள். ஒரு வார்த்தை போதும், 'இல்லம்மா, நாங்க முஸ்லிம்தான்' என்று. வாய் திறந்தது, 'தேங்க்யூ, செவ்வாய்க்கிழமை மறக்காம ஓட்டுப் போடுங்க' என்று அது பாட்டுக்குச் சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

நடைபாதைக்கு வந்ததும், ஏன்மா அப்படிச் சொன்னே என்று கேட்டேன். என் குரலைக் கேட்டு அவள் குழம்பினாள். தான் தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்றுதான் குழப்பம். நீங்கள் அப்படிச் சொன்னதும்தான் எல்லோரும் சிரிக்கிறார்கள் வாப்பா, அதற்கு முன்னால் சிரிப்பதில்லை என்றாள். சாக்லேட் காகிதத்தைப் பிரித்துப் பாதியை எனக்குக் கொடுத்தாள்.

தெருவில் இன்னும் ஏழு வீடு பாக்கி இருந்தது. அப்படியே வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். ஏழையும் முடித்தோம்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள். பிள்ளையின் ஸ்வெட்டரைக் கழற்றிக்கொண்டே, என்னவெல்லாம் நடந்தது, யாராவது ஏதாவது கேட்டார்களா என்று விசாரித்தாள். மகள் பதில் சொல்வதற்கு முன் என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். அந்தப் பார்வையை நான் அதற்கு முன் அவளிடம் பார்த்ததில்லை. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று அளந்து பார்க்கிற பார்வை. அம்மாவுக்காகத் தமிழிலேயே சொன்னாள்.

"ஒண்ணும் கேக்கல உம்மா. சும்மா ஹாய் சொன்னாங்க."

மனைவி என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதி.

"பாத்தீங்களா மச்சான்? எம்புள்ளைக்குப் பயம்னா என்னன்னே தெரியாது."

ஆமாம் என்றேன்.