சல்லடை அக்காவும் வாடாத இலைகளும்

எங்கள் அலுவலகத்தில் அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. சல்லடை அக்கா என்றால்தான் தெரியும். ஆய்விதழ்கள் ஏற்பதற்கு முன்பே ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரையை எல்லோரும் படிக்க இணையத்தில் போடுவார்கள். முன்பதிப்பு என்று பெயர். அப்படிப் போடும் தளம் எங்களுடையது. வந்து விழும் கட்டுரைகளை முதலில் ‘சல்லடை’ என்கிற மென்பொருள் மேயும். சோதனையை எப்படிச் செய்தார்கள் என்று சொல்ல வேண்டியதைச் சொல்லியிருந்தால் பச்சை, விட்டிருந்தால் சிவப்பு. அதற்குப் பிறகு அக்கா படிப்பார்.

எலிகளை வைத்துச் செய்யும் சோதனைகளுக்காக எழுதிய மென்பொருள் அது; எதைக் கொடுத்தாலும் அதற்கு எலிதான். போன மாதம் ஒரு கட்டட எஞ்சினியரின் கட்டுரைக்கு, “சோதித்தவை ஆணா பெண்ணா என்று குறிப்பிடவில்லை” என்று சிவப்பு போட்டது. மனிதர் பயந்துபோய், “கான்கிரீட் கட்டைகள் அனைத்தும் ஆண்” என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினார். உடனே பச்சை. அக்கா போன் போட்டு, “சார், எப்படிப் பாத்துக் கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டபோது, பக்கத்து மேசையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த எனக்குப் புரையேறிவிட்டது.

அப்படிப்பட்டவரிடம் சொந்தத் தம்பியின் கட்டுரையே வந்து மாட்டியது. ஒரு மருந்தில் ஊறவைத்த விதை உப்புத் தண்ணீரிலும் வாடாமல் வளர்கிறதாம். ஊறவைத்ததைச் சில தொட்டிகளிலும் ஊறவைக்காததைச் சில தொட்டிகளிலும் வளர்த்து ஒப்பிட்டிருந்தார். தம்பிக்கு மறுநாள் வேலைக்கு நேர்காணல். அதற்குள் கட்டுரை தளத்தில் ஏறியாக வேண்டும். சல்லடை பச்சை காட்டிவிட்டது. அக்கா மட்டும் ஒரு வரியில் நின்றுவிட்டார்: “மதிப்பெண் இட்டவருக்கு எந்தத் தொட்டி எது என்று தெரியாது.”

போனை ஸ்பீக்கரில் போட்டார்.

“டேய், இலை வாடுச்சா இல்லையான்னு பாத்து மார்க் போட்டது யாரு?”

“நான்தான்.”

“எது மருந்துத் தொட்டின்னு தெரியாமலா?”

“நான் வச்ச தொட்டி எனக்குத் தெரியாதாக்கா?”

“அப்புறம் ஏன்டா இப்படி எழுதின?”

“உன் சல்லடை கேட்டுச்சு, எழுதினேன். பச்சை காட்டுச்சுல்ல? சொந்த அக்கா நீ...”

நடுவில் தம்பி மனைவியின் குரல் புகுந்தது. “அண்ணி, மருந்துத் தொட்டியப் பாக்கும்போது இவர் மூஞ்சில வர்ற சிரிப்பப் பாக்கணுமே. கல்யாணத்தன்னிக்குக்கூட என்னைப் பாத்து அப்படிச் சிரிக்கல.”

“அப்ப நீயே மார்க் போடும்மா. டேய், தொட்டிங்கள எடுத்து வச்சிருக்கிற போட்டோ எல்லாத்துலயும் பேரை மறைச்சு அவகிட்ட குடு.”

“அவகிட்டயா? என்மேல கோவத்துல இருக்காக்கா!”

“எந்தத் தொட்டிமேல கோவத்தக் காட்டணும்னு அவளுக்குத் தெரியாதுல்ல. குடு.”

சாயங்காலம் திருத்திய கட்டுரை வந்தது. மருந்துத் தொட்டிக்கும் மற்றதற்கும் இருந்த வித்தியாசம் பாதியாகச் சுருங்கியிருந்தது; ஆனால் இருந்தது. “முதலில் தெரிந்தே மதிப்பெண் இட்டேன், பிறகு தெரியாத ஒருவர் இட்டார், இரண்டும் கீழே” என்று எழுதியிருந்தார் தம்பி. சல்லடை முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு பளிச்சென்று சிவப்பு போட்டது.

அக்கா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “இங்க பாருப்பா, அவன் என் கூடப் பிறந்தவன். ஏத்துற பட்டன நான் அழுத்தக் கூடாது. நீ படி. சரின்னு பட்டா ஏத்து.”

சிவப்பை மீறி ஏற்றினால் காரணம் எழுத வேண்டும். அந்தச் சிவப்பும் படிக்கிற எல்லோருக்கும் தெரிகிறபடி கட்டுரை பக்கத்திலேயே நிற்கும். படித்தேன். “நடந்ததைச் சொல்லியிருக்கிறார்” என்று அடித்து ஏற்றினேன்.

மறுநாள் மதியம் தம்பியின் போன், மறுபடியும் ஸ்பீக்கரில்.

“இன்டர்வியூல அந்தச் சிவப்பத் தவிர வேற எதுவுமே கேக்கலக்கா.”

அக்காவின் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. “நீ என்ன சொன்ன?”

“நடந்ததச் சொன்னேன். வேலை குடுத்துட்டாங்க.”

“என்ன வேலை?”

“இலை பாத்து மார்க் போடறது. எந்தத் தொட்டி எதுன்னு மட்டும் என்கிட்ட சொல்ல மாட்டாங்களாம்.”