வீட்டுக்கு வந்தவர்களின் பட்டியல்

நான் குடியிருக்கும் கட்டடத்தின் மாடிப்படியில் நின்று கைப்பேசியைத் திறந்தால் ஏழு வைஃபை பெயர்கள் தெரியும். ஒன்றில்கூட மனிதப் பெயர் இல்லை. எழுத்தும் எண்ணும் கலந்த குறிகள். ஜெர்மனியின் கிழக்கே இருக்கும் இந்தச் சிறிய ஊருக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகியும் எது யாருடையது என்று தெரியாது. காஞ்சிபுரத்தை ஒட்டிய ஐயம்பேட்டையில், எங்கள் தெருவில், வைஃபை பட்டியலைப் பார்த்தே யார் வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். புதுக் குழந்தையின் பெயரை உடனே அதற்கு வைத்துவிடுவார்கள்.

கீழ்வீட்டில் இருப்பவர் ஃப்ராவ் கெல்லர், அதாவது திருமதி கெல்லர், ஓய்வுபெற்ற நூலகர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காபிக்கு அழைத்திருந்தார். ஊர்ப் படம் ஒன்றைக் காட்டுவதற்காக அவரிடம் வைஃபை பாஸ்வேர்டு கேட்டேன். "எவ்வளவு நேரத்துக்கு?" என்றார். என்னைக் கிளம்பச் சொல்கிறார் என்று நினைத்து, ஐந்து நிமிடத்தில் போய்விடுகிறேன் என்று எழுந்தேன். அவர் பதறிப்போய் உட்கார வைத்தார். விருந்தினருக்கென்று தனி இணைப்பு வைத்திருந்தார். கேட்ட நேரம் முடிந்ததும் அது தானாக மூடிக்கொள்ளும். கடையில் வாங்கிய ரவுட்டரின் மென்பொருளை அழித்துவிட்டு, உள்ளே எழுதியிருப்பதை எவரும் படித்துச் சரிபார்க்கக்கூடிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை ஏற்றியிருந்தார். "என் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று இந்தப் பெட்டி யாரிடமும் சொல்லக் கூடாது," என்றார். அவர் வளர்ந்த பழைய கிழக்கு ஜெர்மனியில் அதை எழுதி வைக்க அரசே தனி உளவாட்களை வைத்திருந்ததாம். கேக்கை வெட்டிக்கொண்டே சொன்னார். அப்போது எனக்கு அது தேவைக்கு மீறிய எச்சரிக்கையாகத்தான் பட்டது.

மூன்று மாதம் கழித்து ஊரிலிருந்து அக்கா பேசினாள்.

அக்கா கிரேஸ், அரசுப் பள்ளி ஆசிரியை. வீட்டில் அடி வாங்கும் பெண்கள் சிலர் சனிக்கிழமைப் பிற்பகல்களில் அவளைத் தேடி வருவார்கள். பேசுவார்கள், அழுவார்கள், தேவைப்பட்டால் அக்கா வக்கீலிடம் கூட்டிப் போவாள். அக்கா தையலும் தைப்பாள் என்பதால், ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்ததாக வெளியே பேச்சு. வருகிறவர் யாரானாலும் எங்கள் வீட்டில் முதலில் தண்ணீர், அடுத்தது வைஃபை. பாஸ்வேர்டு காலண்டர் அட்டையில் பெரிதாக எழுதியிருக்கும். எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். எந்த வீட்டிலும் வாசலுக்கு வெளியேதான் நிறுத்தப்பட்டார்கள். தன் வீட்டுக்குள் வந்தவரிடம் எதையும் இல்லை என்று சொல்ல அக்காவால் முடியாது.

அவர்களில் ஒருத்தி, திருப்பருத்திக்குன்றத்திலிருந்து வந்துகொண்டிருந்த வாணி. அவள் போனும் அப்படித்தான் எங்கள் ரவுட்டரில் இணைந்தது. அந்த ரவுட்டர் கேபிள்காரர் பாபு கொடுத்தது. சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் இணைப்பு அவருடையது. எந்தப் போன் எந்த வீட்டில் இணைந்திருக்கிறது என்று காட்டும் செயலி அவர் கையில் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை அவர் வாணியின் வீட்டில் நெட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார். மனைவி போனை எடுக்கவில்லை என்று அவள் கணவன் முணுமுணுத்திருக்கிறான். பாபு செயலியில் தேடிச் சொல்லிவிட்டார்.

ஒரு தரப்பை மட்டும் கேட்டுவிட்டு நம்புவது எனக்குப் பழக்கமில்லை. பாபுவிடமே போனில் கேட்டேன். மறைக்கவில்லை.

"ஆமாண்ணா, நான்தான் சொன்னேன். மனுசன் தேடிக்கினு இருக்கானேன்னு, டீச்சர் வூட்ல இருக்குது பாருப்பான்னேன். வண்டிய எடுத்துக்கினு போன வேகத்த பாத்தப்புறம்தான் பகீர்னு ஆச்சு."

கணவன் எங்கள் வாசலில் நின்று கத்தி, வாணியை இழுத்துக்கொண்டு போனான். அதன்பிறகு அவள் வரவில்லை. மற்றவர்களும் நின்றுவிட்டார்கள்.

இனி யாருக்கும் பாஸ்வேர்டு கொடுக்காதே என்றேன். "ஊர்ல எல்லாருக்கும் குடுத்துட்டு இவங்களுக்கு மட்டும் இல்லன்னு சொல்லணுமா? வேற வழி இருந்தா பாரு," என்றாள்.

அக்கா வீட்டுக்கும் அவருடையதுபோல ஒரு ரவுட்டர் வாங்க வேண்டும் என்று ஃப்ராவ் கெல்லரின் கதவைத் தட்டினேன். வேகம், அழகு, ஆண்டெனாக்களின் எண்ணிக்கை எதையும் அவர் பொருட்படுத்தவில்லை. ஓப்பன் சோர்ஸ் திட்டம் இந்த மாடலுக்கு இன்னும் புதுப்பிப்பு தருகிறதா, தயாரித்த நிறுவனத்தில் கணக்குத் தொடங்காமல் இயங்குமா, போதிய நினைவகம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். முதலில் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. மாடல் பெயர் அவர் சொன்னதேதான். அடியில் ஒட்டிய சீட்டில் வெர்ஷன் எண் வேறு, உள்ளே சிப்பும் வேறு. இரண்டாவதில் அந்த ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் சரியாக ஏறியது. அதுவும் எல்லாவற்றையும் மறைத்துவிடாது. எந்தத் தளங்களுக்குப் போகிறோம் என்பதை இணைப்பு தருபவர் ஓரளவு ஊகிக்கலாம். வீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. எங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

டிசம்பர் விடுப்பில் அதை ஊருக்குக் கொண்டுபோய், பாபுவின் பெட்டியில் வைஃபையை அணைத்துவிட்டு, அதன் பின்னால் பொருத்தினேன். இரண்டாம் நாளே அவர் வந்தார்.

"இன்னாக்கா, வூட்ட காலி பண்ணிட்டியா? லிஸ்ட்ல ஒரே ஒரு பொட்டிதான் காட்டுது."

"ஆமாம்பா, எல்லாரும் அந்தப் பொட்டிக்குள்ளதான் குடியிருக்கோம். உள்ள வந்து டீ குடி."

பாபு சிரித்தார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்க்காமல், "அன்னிக்கு நான் வாய வச்சிக்கினு சும்மா இருந்திருக்கணும்கா," என்றார்.

ஏதாவது பழுதானால் இங்கிருந்தே சரிசெய்ய, ரவுட்டருக்குள் நுழையும் வழி ஒன்றை எனக்காக வைத்துவிட்டு வந்திருந்தேன். பழுது எதுவும் வரவில்லை. ஆனாலும் சனிக்கிழமை காலைகளில், சமையலறை மேசையில் காபியோடு, அதில் இணைந்திருக்கும் போன்களின் பட்டியலைத் திறந்து பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. அங்கே அப்போது பிற்பகல். முதல் நான்கு வாரமும் அக்காவின் போன் மட்டும் இருந்தது. ஐந்தாவது வாரம் வாணியின் பெயரோடு இன்னொன்று சேர்ந்திருந்தது. மாலை வரை பொறுக்க முடியவில்லை, உடனே கூப்பிட்டேன்.

"வாணி வந்திருக்கா போலயே?"

அக்கா குரலைத் தணித்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போனது தெரிந்தது. "யாரு சொன்னா ஒனக்கு?"

"யாரும் சொல்லல. லிஸ்ட்ல பாத்தேன்."

"பாபுவும் லிஸ்ட்லதான்டா பாத்தான்."

நான் வேறு, பாபு வேறு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், "உங்கிட்ட இருக்கற வழிய அடச்சிடு. கெட்டுப்போச்சுன்னா நான் ஆள வச்சு பாத்துக்கறேன்," என்று வைத்துவிட்டாள்.

ரவுட்டருக்குள் நுழைய வைத்திருந்த என் சாவியை அழித்தேன். அழிந்ததா என்று பார்க்க முகவரியை மறுபடி தட்டினேன். வட்டம் சுற்றியது, நின்றது, பக்கம் திறக்கவில்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று இனி எனக்குத் தெரியாது. வெறுமையான திரையில் என் முகமும், அதன் பின்னால் இந்த வீட்டு ஜன்னலும் தெரிந்தன.